பட்டமளிப்பு மேடையில் பேசப்படும் பருத்தி

ஆடை வடிவமைப்புக் கல்லூரிகளின் பட்டமளிப்பு விழாவில் ஆடை நிறுவனத் தலைவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதை உழவர்களாகிய நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. நம்ம கூட்டத்தில் இதைச் சொன்னபோது, “துணி வெட்டுறவங்க பேச்சு நமக்கு எதுக்கு?” என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பருத்தி போடுகிறவர்களுக்கும் போடலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் நாட்டில் இந்தக் கல்லூரிகளுக்கு வயது அதிகமில்லை. அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-இல் வந்தது. ஆடைக்கென்றே தனியாக நிஃப்ட் என்ற தேசிய நிறுவனம் 1986-இல் தில்லியில் தொடங்கியது. சென்னை தரமணியில் அதன் கிளை 1995-இல் வந்தது. திருப்பூரில் ஏற்றுமதியாளர்களே முன்னின்று தொடங்கிய பின்னலாடைக் கல்லூரி இருக்கு. கோவை, ஈரோடு, சேலம் பக்கம் பல கலைக் கல்லூரிகளில் இந்தப் பாடப்பிரிவு நடக்குது. வருசா வருசம் இங்கிருந்தெல்லாம் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள்.

முன்பெல்லாம் அந்த மேடையில் பேச்சு வேற மாதிரி இருக்கும். கனவு காணுங்க, உலகச் சந்தையைப் பிடிங்க, சொந்தமா ஒரு பிராண்ட் தொடங்குங்க. 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து, உள்ளே தைத்துக்கொண்டிருந்த 1,100-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். உலகத்தின் பேர்போன கம்பெனிகளின் துணி அந்த இடிபாட்டில் கிடந்தது. அதற்குப் பிறகு எந்த நாட்டு மேடையானாலும் பொறுப்பு, சூழல், நீடித்த ஆடை என்ற சொற்கள் இல்லாமல் பேச்சு முடிவதில்லை. அந்தச் சொற்களோடு ‘ஆர்கானிக் காட்டன்’ என்ற சொல்லும் சேர்ந்து வருது. அதாவது நம்ம பருத்தி.

கல்லூரி ஒன்றில் மாணவர்களின் இறுதியாண்டு வேலைக்குக் கருங்கண்ணிப் பஞ்சு கொடுத்த வகையில், ரெண்டு முறை இப்படிப்பட்ட விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கேன். ஒரு ஏற்றுமதியாளர் பேசினார். கடைகள் பல வைத்திருக்கும் ஒரு பிராண்டின் தலைவர் பேசினார். பேச்சு நல்லாத்தான் இருந்தது. மண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்றார்கள், தண்ணீரைப் பற்றிச் சொன்னார்கள், அடுத்த தலைமுறை என்றார்கள். ஒரு மணி நேரத்தில் பருத்தி விலை என்ற சொல் மட்டும் வரவில்லை. விதை என்ற சொல்லும் வரவில்லை. குறையாகச் சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் மேடையில் விட்ட இடத்தை நாம நிரப்பணும், அதற்கு முதலில் அந்தப் பிள்ளைகளின் வேலை என்னவென்று நமக்குப் புரியணும்.

ஒரு தாளில் ஒரு வரி

பட்டம் வாங்கின பிள்ளை ஒரு கம்பெனியில் சேர்ந்ததும் செய்கிற முக்கியமான வேலை, ஒவ்வொரு உடுப்புக்கும் ஒரு குறிப்புத் தாள் தயாரிப்பது. ‘டெக் பேக்’ என்பார்கள். உடுப்பின் படம், அளவு, தையல், பித்தான் எல்லாம் அதில் இருக்கும். கூடவே துணியைப் பற்றி ஒரு வரி: ‘கோம்டு பருத்தி, 30-ஆம் நம்பர் நூல், 160 ஜிஎஸ்எம், வெளுத்து இந்தச் சாயம்’. ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். நூலின் நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு. இவ்வளவுதான் அந்த வரி.

அந்த ஒரு வரி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகும். பனியன் கம்பெனி நூல் மில்லுக்குச் சொல்லும். 30-ஆம் நம்பர் நூலை விரைவு எந்திரத்தில் அறுபடாமல் நூற்கணும்னா இழை 28, 29 மில்லிமீட்டராவது இருக்கணும் என்று மில்லுக்காரர் கணக்குப் போடுவார். அப்படிப்பட்ட பஞ்சைத்தான் ஜின்னிங் ஆலையில் கேட்பார். ஆலைக்காரர் கமிஷன் கடையில் சொல்லிவைப்பார். கமிஷன் கடையில் நமக்குக் கிடைக்கிற பதில், “இந்த நீட்டப் பருத்திதான் ஓடுது, அந்த விதையப் போடுங்க.” நாமும் போடுவோம். அது பெரும்பாலும் பி.டி. வீரிய ஒட்டு விதை.

ஆக, நம்ம காட்டில் எந்தப் பருத்தி நிற்கணும் என்பதை ஏதோ ஒரு ஊரில், குளுகுளு அறையில், 22 வயசுப் பிள்ளை எழுதின ஒரு வரி முடிவு செய்யுது. அந்தப் பிள்ளைக்கு இது தெரியாது, நமக்கும் தெரியாது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை.

சாயத்துக்கும் இதே கதைதான். அடர் கறுப்பு, கண்ணைப் பறிக்கிற சிவப்பு என்று எழுதுவது எளிது. அந்தச் சாயம் கலந்த தண்ணீர் நொய்யலில் ஓடி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்கு விடவே முடியாத தண்ணீராகி, உயர் நீதிமன்றம் 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரைக்கும் போனது நமக்கெல்லாம் தெரியும்.

இழை குட்டை என்பது குறையா?

கரிசல் காட்டுக்காரர்களுக்குக் கருங்கண்ணியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புரட்டாசிப் பட்டத்தில் மானாவாரியாக விதைத்து, ஊடே உளுந்து, பாசி, மல்லி போட்டு எடுத்த பருத்தி அது. தத்துப்பூச்சி, அசுவினி எல்லாம் அமெரிக்கப் பருத்தியைப் பிடிக்கிற மாதிரி இதைப் பிடிக்காது. வறட்சி தாங்கும். இன்னொரு பெரிய நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. கருங்கண்ணி வேற இனம், பி.டி. போடுகிற அமெரிக்கப் பருத்தி வேற இனம். நாட்டுப் பருத்தியில் இனக்கீற்று 26, அமெரிக்கப் பருத்தியில் 52. பக்கத்துக் காட்டில் பி.டி. நின்றாலும், அந்த மகரந்தம் வந்து நம்ம விதையைக் கெடுத்துவிடாது. விதைக்கு ஒவ்வொரு வருசமும் கடைக்குப் போகவும் வேண்டாம். இன்றைக்கு நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. ஆகிவிட்ட நிலையில், கலப்பில்லாத விதை கையில் இருப்பது சின்ன விசயமில்லை.

குறையும் இருக்கு, மறைக்க வேண்டாம். காய் சின்னது, அதனால் எடுப்புக் கூலி அதிகம். இழை நீளம் 20-லிருந்து 24 மில்லிமீட்டருக்குள் நிற்கும். மில்லுக்காரர் முகம் சுளிப்பது இந்த இடத்தில்தான்.

ஆனால் இழை குட்டை என்பது பருத்தியின் குறையா, எந்திரத்தின் குறையா? டாக்கா மஸ்லின் என்று உலகமே வியந்த துணி, நாட்டுப் பருத்தி இனத்தைச் சேர்ந்த, இழை குட்டையான பருத்தியில் கையால் நூற்றது. இன்றைய மில் எந்திரம் எட்டிப்பிடிக்க முடியாத மெல்லிய நூலை அந்த ஊர்ப் பெண்கள் அந்தக் குட்டை இழையிலேயே எடுத்தார்கள். இங்கிலாந்து எந்திரங்கள் அமெரிக்க நீள இழைக்கு ஏற்ப வளர்ந்தன. எந்திரம் கேட்குது என்பதற்காக நம்ம காட்டில் அமெரிக்கப் பருத்தியைக் கொண்டுவந்தார்கள். தென் தமிழகத்துக்கு 1900-களின் தொடக்கத்தில் ‘கம்போடியா பருத்தி’ என்ற பெயரில் வந்ததும் அந்த அமெரிக்க இனந்தான்.

கையால் நூற்கும் காலத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. இன்றைய எந்திரத்திலேயே 10, 16, 20-ஆம் நம்பர் நூலுக்குக் குட்டை இழை ஒத்துவரும். ஜீன்ஸ் துணி பெரும்பாலும் 6-லிருந்து 12-ஆம் நம்பர் தடித்த நூலில்தான் நெய்யப்படுது. போர்வை, துண்டு, மேசைவிரிப்பு, கைத்தறிச் சட்டைத் துணி, பை எல்லாத்துக்கும் தடித்த நூல் போதும். தாளில் எழுதுகிற பிள்ளை 30 என்பதற்குப் பதில் 16 என்று எழுதி, அந்தத் துணிக்குத் தகுந்த உடுப்பை வரைந்தால், கரிசல் காட்டில் கருங்கண்ணிக்கு வாங்க ஆள் இருக்கு. இதைத்தான் வடிவமைப்பு என்று நான் புரிந்துகொண்டிருக்கேன். கையில் இருக்கிற பருத்திக்கு ஏற்ற சட்டையை யோசிப்பது.

இது நடக்காத காரியமும் இல்லை. ஆந்திரா, தெலங்கானா பக்கம் ‘மல்கா’ என்ற முயற்சியில், பஞ்சை இறுக்கிப் பேல் கட்டாமல் சிறிய நூற்பாலையில் நூற்றுக் கைத்தறிக்குக் கொடுக்கிறார்கள். சென்னையிலிருந்து இயங்கும் ‘துலா’ மானாவாரி இயற்கைப் பருத்தியை வாங்கித் துணியாக்கி விற்குது. அளவில் சின்னவை, ஆனால் வழி இருக்கு என்று காட்டியிருக்கிறார்கள்.

மேடைச் சொற்களுக்குப் பொருள்

ஒரு நிறுவனத் தலைவர் ‘நீடித்த பருத்தி’ என்று சொன்னால் கைதட்டுவதற்கு முன்னால் எந்தப் பருத்தி என்று கேட்கணும். அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி ஒரு பொருளும் கிடையாது. எதற்கு வேண்டுமானாலும் ஒட்டலாம்.

‘பெட்டர் காட்டன்’ என்று ஒன்று பல நிறுவனங்களின் அறிக்கையில் இருக்கும். அது இயற்கைப் பருத்தி அல்ல. பூச்சிக்கொல்லியைக் குறைக்கச் சொல்கிறார்கள், விலக்கச் சொல்வதில்லை. பி.டி. விதைக்குத் தடை இல்லை. அதோடு வரவு-செலவுக் கணக்கு முறையிலும் அதை விற்கலாம், அதாவது வாங்கின அளவும் விற்ற அளவும் கணக்கில் ஒத்துப்போனால் போதும், சட்டையில் இருப்பது அதே பஞ்சாக இருக்க வேண்டியதில்லை. இதில் சேர்ந்த உழவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இயற்கைப் பருத்தி என்ற பெயரை இதற்கு வைத்தால் நாம் ஒத்துக்கொள்ளக்கூடாது.

இயற்கைப் பருத்தி என்று சொல்லி ஏற்றுமதிக்கு விற்க, காட்டுக்கு மத்திய அரசின் என்.பி.ஓ.பி. முறைப்படி சான்று வேணும். நம் மாநிலத்தில் இதற்குக் கோவையில் அங்ககச் சான்றளிப்புத் துறை இருக்கு. சிறு உழவர்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கலாம். ஓராண்டுப் பயிருக்கு, விதைப்புக்கு முன்னால் ரெண்டு வருசம் மாறுகாலம். அந்த ரெண்டு வருசமும் ரசாயனம் போடாமல் சாகுபடி செய்யணும், ஆனால் முழு இயற்கைப் பருத்தி என்ற பெயரில் விற்க முடியாது. ஜின்னிங் முதல் தைத்து முடிக்கிற வரைக்கும் ‘காட்ஸ்’ என்ற உலகத் தரச்சான்று பார்க்கும். அதில் 95 சதம் இயற்கை இழை இருந்தால் ‘ஆர்கானிக்’ என்று போடலாம். 70 சதம் இருந்தால் ‘ஆர்கானிக் பருத்தி கலந்தது’ என்ற அளவில் போடலாம். பி.ஜி.எஸ். சான்று உள்ளூர் விற்பனைக்கு உதவும், ஏற்றுமதிக்கு எடுபடாது.

சான்றுத் தாள் மட்டும் பத்தாது என்பதற்கும் நடந்த கதை இருக்கு. 2020-இல் இந்தியாவிலிருந்து போன பருத்தியில் சுமார் 20,000 டன் பொய்ச் சான்றோடு போயிருக்கு என்று காட்ஸ் அமைப்பே அறிவித்தது. அரசு இணையதளம் மாதிரியே போலியாக ஒன்று செய்து அதிலிருந்து சான்று எடுத்திருந்தார்கள். 11 கம்பெனிகளுக்குத் தடை போட்டார்கள். அடுத்த வருசம் அமெரிக்க வேளாண் துறை நம் நாட்டுச் சான்றை அப்படியே ஏற்கும் ஏற்பாட்டை ரத்து செய்தது. பொய்ச் சான்று வாங்கினது வணிகர்கள். சந்தேகக் கண்ணில் பார்க்கப்படுவது உண்மையாகவே நஞ்சில்லாமல் விளைவித்த நம்மைப் போன்றவர்கள். இதனால்தான் ‘தாள் பார்த்து வாங்காதீங்க, காடு பார்த்து வாங்குங்க’ என்று நான் அந்தப் பிள்ளைகளிடம் சொல்வது.

பேசினதைச் செய்தவர்கள்

ஆடைத் தொழிலில் எல்லோரும் வெறும் பேச்சு என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். செய்து காட்டியவர்களும் உண்டு. அவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்தால்தான் மற்றவர்களை அளக்க நமக்கு ஒரு படி கிடைக்கும்.

இங்கிலாந்தில் காதரின் ஹாம்நெட் என்று ஒரு அம்மா. லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் 1969-இல் படித்து வெளியே வந்தவர். சட்டையில் பெரிய எழுத்தில் வாசகம் போடுவதில் பேர் வாங்கியவர். 1984-இல் அணு ஏவுகணைக்கு எதிரான வாசகத்தோடு ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு பிரதமர் தாட்சர் முன்னாலேயே போய் நின்றவர். 1989-இல், தான் விற்கிற துணியால் யாருக்கு என்ன கேடு என்று ஆராய்ந்தபோது, பருத்திக் காட்டில் பூச்சிக்கொல்லியால் உழவர்கள் படுகிற பாடு அவருக்குத் தெரியவந்தது. அன்றிலிருந்து இயற்கைப் பருத்திக்காகப் பேசிக்கொண்டே இருக்கிறார். 2003-இல் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்குப் போய்ப் பருத்தி உழவர்களைப் பார்த்தார். அமெரிக்கா தன் நாட்டுப் பருத்திக்காரர்களுக்குக் கொடுக்கிற மானியத்தால் உலக விலை விழுந்து, மாலி, புர்கினா ஃபாசோ, பெனின், சாட் ஆகிய நாட்டு உழவர்கள் நொடித்துப்போயிருந்த நேரம் அது. அந்த நாலு நாடுகளும் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டதும் அதே வருசந்தான்.

இன்னொரு கதை அமெரிக்காவின் படகோனியா கம்பெனி. மலையேறுகிறவர்களுக்கு உடுப்பு செய்கிறவர்கள். 1988-இல் பாஸ்டன் நகரத்தில் ஒரு கடை திறந்தார்கள். வேலை பார்த்தவர்களுக்குத் தலைவலி வந்தது. காற்று வருகிற வழியைச் சோதித்தால், கிடங்கில் அடுக்கியிருந்த பருத்தித் துணியிலிருந்து பார்மால்டிஹைடு வாயு வந்துகொண்டிருந்தது. துணி சுருங்காமல் இருக்கப் போடுகிற ரசாயனம் அது. அதைத் தேடப் போனவர்கள் பருத்திக் காடு வரைக்கும் போனார்கள். கம்பெனியில் வேலை பார்ப்பவர்களைப் பேருந்தில் ஏற்றிக் கலிபோர்னியாவின் பருத்திக் காடுகளுக்கே கூட்டிப்போய், மருந்தடித்த காட்டையும் இயற்கைக் காட்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார்கள். 1994-இல் முடிவெடுத்தார்கள். 1996 முதல் அவர்களின் எல்லாப் பருத்தி உடுப்பும் இயற்கைப் பருத்தி. பாதி இது, பாதி அது என்று வைக்கவில்லை.

இதில் எனக்குப் பிடித்த விவரம் வேற. போதிய இயற்கைப் பஞ்சு கிடைக்காதபோது அவர்கள் பருத்தி உடுப்பு வகைகளை 91-லிருந்து 66 ஆகக் குறைத்துக்கொண்டார்கள். தாங்கள் விற்கிற வகையை விளைச்சலுக்குத் தக்கபடி வெட்டிக்கொண்டார்கள். ஜின்னிங் ஆலைக்கும் நூற்பாலைக்கும் தாங்களே நேரில் போய், எந்திரத்தைச் சுத்தம் செய்து தனியாக ஓட்டச் சொல்லிக் கேட்டார்கள். அவர்கள் விற்கிற விலையில் நம்மில் யாரும் சட்டை வாங்க முடியாது, அது தனிக் கதை. ஆனால் ஒரு தேதி குறித்து, ஒரு நட்டத்தை ஏற்று, காட்டுக்கு நேரில் போனார்கள். மேடையில் பேசுகிற எந்தத் தலைவரையும் நான் இந்த மூன்றை வைத்துத்தான் பார்க்கிறேன்.

ஒரு சட்டைக்கு முக்கால் கிலோ

‘இயற்கைப் பருத்திக்குக் கூட விலை கொடுத்தால் சட்டை விலை ஏறிடும், வாங்க ஆளிருக்காது’ என்று கம்பெனிக்காரர்கள் சொல்வதுண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சாதாரண டி-ஷர்ட் 160 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வெட்டும்போது போகிற துண்டு, நூற்கும்போது போகிற கழிவுப் பஞ்சு எல்லாம் சேர்த்தால் 240, 250 கிராம் பஞ்சு வேணும். பருத்தியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடப் பஞ்சு வரும், மிச்சம் கொட்டை. ஆக ஒரு சட்டைக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ பருத்தி. 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை நடுத்தர இழைக்குக் குவிண்டால் 7,710 ரூபாய், நீள இழைக்கு 8,110. நடுத்தரத்தையே எடுத்தால் முக்கால் கிலோவுக்கு 58 ரூபாய். இதற்கு மேல் 15 சதம் கூடக் கொடுத்தால் ஒரு சட்டைக்கு 9 ரூபாய்கூட வராது.

கடையில் 600, 800 ரூபாய்க்கு விற்கிற சட்டையில் 9 ரூபாய். இந்தக் கணக்கை அந்த விழா முடிந்து சாப்பாட்டுப் பந்தலில் நாலைந்து பிள்ளைகளிடம் தாளில் எழுதிக் காட்டினேன். ஒரு பெண் தன் செல்பேசியில் திரும்ப ஒருமுறை பெருக்கிப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா சார்?” என்று கேட்டது. நாலு வருசப் படிப்பில் இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டவில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை, நம்ம பக்கத்து உண்மையையும் சொல்லணும். ஒரு சின்னக் குழுவிடம் 20 குவிண்டால் பருத்தி இருக்கு என்று வையுங்கள். அதை அரைத்தால் 4 பேல் பஞ்சு, ரெண்டு கண்டிகூட முழுசாக வராது. இந்த 4 பேலுக்காக ஜின்னிங் ஆலையை நிறுத்திச் சுத்தம் செய்து தனியாக ஓட்ட யாரும் முன்வரமாட்டார்கள், வந்தாலும் கூலி எகிறும். நூற்பாலையில் இதைவிட மோசம். உழவனுக்குக் கொடுக்கிற 9 ரூபாயைவிட இந்த இடையில் ஆகிற தனிச் செலவுதான் சட்டை விலையை ஏற்றுது. அதனால் நாலைந்து ஊர்க் குழுக்கள் சேர்ந்து, ஒரே ரகம் போட்டு, ஒரே வாரத்தில் அரைவைக்குக் கொண்டுபோவதுதான் வழி. பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு ஆளுக்கு ஒரு ரகம் போட்டால் எந்த வடிவமைப்பாளர் வந்தும் பயனில்லை.

கேட்க வேண்டியது

மேடையில் பேசினவர்கள் பிறகு நம்மைத் தேடி வருவதும் நடக்குது. எங்கள் பக்கத்து ஊர் உழவர் ஒருவரிடம் ஒரு கம்பெனி வாய்வார்த்தையாகச் சொல்லி 3 ஏக்கர் நாட்டுப் பருத்தி போட வைத்தது. எடுப்பு நேரத்தில் சோதனைக்கூட முடிவைக் காட்டி, 29 மில்லிமீட்டர் இல்லை என்று ஒதுங்கிவிட்டது. நாட்டுப் பருத்தியில் 29 வராது என்பது விதைக்கும்போதே தெரிந்த விசயம். அவர் அதை ஊர்க் கமிஷன் கடையில், சாதாரணப் பருத்திக்கும் குறைந்த விலையில் போட்டார். அடுத்த வருசம் அந்த 3 ஏக்கரில் மக்காச்சோளம்.

அதனால் புரட்டாசி விதைப்புக்கு முன்னால், ஆடிக்குள்ளேயே, தாளில் எழுதி வாங்கணும். எந்த ரகம், இழை நீளம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை ஏற்பார்கள், எத்தனை குவிண்டால், என்ன விலை. சந்தை விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன. மாறுகாலத்துப் பருத்தியை என்ன விலைக்கு எடுப்பார்கள் என்பதை அழுத்திக் கேளுங்கள். அந்த ரெண்டு வருசத்தில்தான் விளைச்சல் குறையும், கூட விலையும் கிடைக்காது. பாதிப் பேர் விட்டுப்போவது அங்கேதான். காட்ஸ் முறையிலேயே ‘மாறுகால இயற்கைப் பருத்தி’ என்று அடையாளம் போட்டு விற்க இடமிருக்கு. அப்படி விற்கிற கம்பெனி நமக்கும் அதற்கேற்ற விலை தரலாம். தரமாட்டோம் என்றால் அவர்கள் மேடையில் சொன்ன பொறுப்பில் நம்ம பங்கை மட்டும் நாமே சுமக்கிறோம் என்று பொருள். முன்பணம் ஒரு பங்காவது கேட்பதில் தப்பே இல்லை. தையல் எந்திரம் வாங்க வங்கியில் கடன் கிடைக்கும் அவர்களுக்கு, எடுப்புக் கூலிக்கு வட்டிக்கு வாங்குவது நாம.

நம்ம பக்கத்தில் செய்ய வேண்டியதையும் சரியாகச் செய்யணும். பருத்தியை பிளாஸ்டிக் சாக்கில் கட்டினால் அந்த இழை பஞ்சில் கலந்து, நூலில் போய், சாயம் போடும்போது வெள்ளைக் கோடாகத் தெரியும். வடிவமைப்புக்காரர்களுக்கு நம்ம மேல் வருகிற முதல் கோபம் இதனால்தான். பருத்தித் துணிப் பை வைத்து எடுங்கள். வெடித்த காயில் நல்லதைத் தனியாக, கறைபட்டதைத் தனியாகப் போடுங்கள்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கலாம், நம் இயக்கத்தின் பெயரால் எழுதியே கேட்கலாம். நிஃப்ட் மாணவர்களை நெசவு ஊர்களுக்கும் கைவினை ஊர்களுக்கும் அனுப்பித் தங்கிப் படிக்கவைக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கு. தறி வரைக்கும் வருகிற பிள்ளைகள் இன்னும் ஒரு எட்டு வைத்துக் காடு வரைக்கும் வரலாம். பட்டமளிப்பு மேடையில் நாலு நாற்காலி போடுகிற இடத்தில் ஐந்தாவதாக ஒரு பருத்தி உழவருக்கும் போடச் சொல்லலாம். கைத்தறி நெசவாளரை மேடையேற்றிப் பாராட்டுகிற வழக்கம் வந்திருக்கு, நல்லது. நூலுக்கு முன்னால் பஞ்சு இருக்கு.

அன்று கணக்குப் போட்டுப் பார்த்த பெண் இப்போது ஒரு துணிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறது. 16-ஆம் நம்பரில் ஒரு குர்த்தா மாதிரி செய்து பார்க்க 2 பேல் கருங்கண்ணிப் பஞ்சு வேணும் என்று கேட்டிருக்கிறது. விலை இன்னும் பேசி முடியவில்லை. எங்கள் குழுவில் ஆடிக்கடைசி வரை காத்திருப்பது, எழுத்தில் வந்தால் 8 ஏக்கர், வராவிட்டால் வீட்டு விதைக்கு மட்டும் ஒரு ஏக்கர் என்று முடிவு செய்திருக்கிறோம்.

காடு பார்க்க வர விரும்பும் கல்லூரிகளுக்கு: கரிசல் பக்கம் மாசி முதல் சித்திரை வரை எடுப்பு இருக்கும். விடியக்காலையிலேயே வந்துவிடணும். காலை ஈரம் இருக்கும்போது, 11 மணிக்குள் எடுத்தால்தான் காய்ந்த சருகு பஞ்சில் ஒட்டாது. தொப்பி, தண்ணீர், துணிப்பை கொண்டுவரச் சொல்லுங்கள். எடுத்த பருத்தியை அவர்களே எடை போட்டு, ஒரு சட்டைக்கு ஆகிற முக்கால் கிலோ எடுக்க எவ்வளவு நேரம் ஆச்சு என்று நோட்டில் எழுதிக்கொண்டு போகட்டும்.